நாலரை மணிச் சஹன்

போன வாரம் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசையையும் எடை பார்க்கும் மெஷினையும் ஒப்படைத்துவிட்டு வந்தது அவளிடம்தான். சுறுசுறுப்பான நர்ஸ், எதைச் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வாள்.

"அக்கா, சந்தோஷமான சேதி. எடை கூடுன பிள்ளைங்களுக்கான நம்ம குடும்பத் திட்டம் இனிமே வீடியோவுலதான். யாரும் குடும்பத்தோட பஸ் ஏறி பெரம்பலூர் வர வேண்டாம். வூட்டுலயே உக்காந்து பேசலாம்."

"எடை யாரு பாக்குறது?"

"அவங்களே மெஷின்ல ஏறி நின்னு நம்பரைச் சொல்லிருவாங்க."

"மத்ததெல்லாம்?"

"முகந்தான் நல்லாத் தெரியுதேக்கா, போதாதா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் கிழவிக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று நினைத்திருப்பாள். சின்ன வயசுக்காரர்கள் அப்படி நினைப்பது சகஜந்தான், நானும் நினைத்தவள்தான். அதனால் போனில் சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செந்துறைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களைவெட்டிப் பிழைத்தவர்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அந்த வீட்டில் அரிசிப் பானை காலியாவதில்லை என்று அர்த்தம். நர்சிங் படித்து முடித்ததும் பிள்ளைகள் வார்டில் போட்டார்கள். விலா எலும்பு துருத்திய பிள்ளைகளுக்குக் கஞ்சி புகட்டி, அவர்கள் உடம்பில் கொஞ்சம் சதை ஏறினால் அன்றைக்கு நான் பெரிய சாதனை செய்தவள் மாதிரி வீட்டுக்குப் போவேன். பாதி சர்வீஸ் இப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு நாள் டாக்டர் சாரதா என்னைக் கூப்பிட்டு, எடை அதிகமான பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பிரிவு தொடங்கப் போவதாகவும், அதற்கு நான்தான் பொறுப்பு என்றும் சொன்னார். "நல்லாத் தின்னு வளர்ற பிள்ளைங்கள நாம எதுக்கு மேடம் தொந்தரவு பண்ணணும்?" என்று கேட்டே விட்டேன். அவர் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவை என் முன்னால் தள்ளினார். அறுபது வயசு ஆளுக்கு வர வேண்டிய சர்க்கரை. மேலே வயசு என்ற இடத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். "சரியாத்தான் எழுதியிருக்காங்க. அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்துவிட்டு வந்து, சரி மேடம் என்றேன்.

டாக்டர் சாரதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சிஸ்டர் அவர்களே" என்று ஆரம்பித்தார் என்றால் அன்றைக்கு எங்களுக்கு மதியச் சோறு தொண்டையில் இறங்காது. அவருடைய அறையில் 'குண்டு' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. பெற்றவர்கள் சொன்னாலும் பேச்சை நிறுத்திவிட்டு, "பிள்ளைக்குப் பேரு இருக்குல்ல?" என்பார். பிள்ளையிடம் என்ன சாப்பிட்டாய் என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். என்ன விளையாட்டுப் பிடிக்கும், யாரோடு விளையாடுவாய் என்றுதான் தொடங்குவார். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவார்.

எடை போடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். மறைப்புக்குப் பின்னால்தான் மெஷின். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அப்பா ஏற வேண்டும், பிறகு அம்மா, பிறகு கூட வந்த அண்ணன் தம்பி, கடைசியில்தான் அந்தப் பிள்ளை. எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எழுதி டாக்டரிடம் காட்ட வேண்டும். "ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கேன், என்னைய எதுக்கு ஏத்துறீங்க?" என்று தகராறு செய்யாத அப்பாவே கிடையாது. டாக்டர் அசைய மாட்டார். "உங்க பிள்ளை மட்டும் தனியாச் சமைச்சுத் தனியாத் தின்னு அந்த எடைக்கு வரலீங்க. வீடே சேந்துதான் வந்துச்சு, வீடே சேந்துதான் இறங்கணும்" என்பார். திட்டமே அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே சமையல், தட்டில் பாதி காய், டிவி முன்னால் சாப்பிடக் கூடாது, சாயந்தரம் குடும்பத்தோடு நடக்க வேண்டும்.

இது சுலபமாகத் தெரிந்தாலும் ஜனங்களுக்கு ஏறவே ஏறாது. அரியலூரில் நாங்கள் நடத்திய முகாமுக்கு உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று வந்துகொண்டிருந்தது. பையன் பெயர் கதிர். அப்பா பொறுப்பான மனுஷர். கொஞ்சம் அதிகமாகவே பொறுப்பு. நாங்கள் இவ்வளவு சொல்லியும் பையனுக்கு மட்டும் கேழ்வரகுக் கூழ் கொடுத்துவிட்டு, அவன் எதிரிலேயே மற்ற எல்லாரும் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டார்கள். பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். அப்படியும் எடை இறங்கவில்லை. டாக்டர் கதிரைத் தனியாக வைத்துப் பேசினார். வெளியே வந்ததும் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். பையன் மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கடலைப் புண்ணாக்கை எடுத்துத் தின்றிருக்கிறான். கன்றுக்குட்டிக்கு ஊறவைத்ததில்கூடக் கைவைத்திருக்கிறான்.

அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அய்யா அவர்களே, உங்க வீட்டுல மாட்டுக்குப் பூட்டுப் போடல. பிள்ளைக்குப் போட்டிருக்கீங்க" என்றார். அந்த மனுஷர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. பசியோடு ஒரு குழந்தை என்றால் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த முகாமுக்கு அவர் பூட்டையும் சாவியையும் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு கதிருக்கு எடை இறங்கியது.

நஸ்ரின் வந்தது அதற்கடுத்த வருஷம். லப்பைக்குடிக்காட்டுப் பெண், அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அம்மா ஜமீலா கூட்டிவந்திருந்தாள். அத்தா சாதிக் சவூதியில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். வழக்கம்போல டாக்டர் அந்தப் பெண்ணின் பின்கழுத்தைப் பார்க்க முக்காட்டை மெதுவாக விலக்கினார். இந்தப் பிள்ளைகளுக்கு அங்கே கறுத்துத் தடித்திருக்கும். உடம்புக்குள் சர்க்கரை தடுமாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். நஸ்ரினுக்குக் கறுத்திருந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்து நீர் வடிந்தது.

"அழுக்குங்க. எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது. பீர்க்கங்காய் நாரு போட்டுக் குளிக்கும்போதெல்லாம் தேய்க்கிறேன்" என்றாள் ஜமீலா.

"அது அழுக்கு இல்லைம்மா. உள்ளேயிருந்து வர்றது. தேச்சாப் போகாது" என்றார் டாக்டர்.

நஸ்ரின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல, நான் நல்லாத்தான் குளிக்கிறேன்னு" என்றாள். ஜமீலா அந்தக் கழுத்தின் மேல் கையை வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றாள்.

பரிசோதனை முடிவு வந்தது. கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் வாழ்நாளெல்லாம் மருந்தோடுதான் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஜமீலா சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். எண்ணெயைக் குறைத்தாள், பொரித்ததை நிறுத்தினாள், பேக்கரிப் பக்கம் போகவில்லை, தானும் மகளும் ஒரே சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் காலை, பள்ளிக்கூடத்து மதியம், சாயந்தரம், ராத்திரி என்று நான் கேட்பேன், அவள் சொல்வாள். சாயந்தரம் ஒரு டீ, சுண்டல் என்பாள். எல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"ஜமீலா பொய் சொல்றவ இல்லை. நம்ம கேள்வியிலதான் எங்கயோ ஓட்டை இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பாருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

சொல்லாமல் கொள்ளாமல்தான் போனேன். லப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி நாலரை ஆகப் போகிறது. நஸ்ரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்று ஜமீலா நாற்காலி போட்டாள். என்னைப் பார்த்து அவள் பதறவுமில்லை, எதையும் ஒளிக்கவுமில்லை. உள்ளே போய் ஒரு சஹனை எடுத்துவந்து பாயில் வைத்தாள். அவர்கள் விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்களே, அந்தப் பெரிய தட்டு. அதில் நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய் எல்லாம் தாராளமாக இருந்தன. எதிரில் ஒரு தலையணை, அதில் சாய்த்து வைத்த போன். போனில் சாதிக்கின் முகம்.

"பிஸ்மி சொல்லிட்டு ஆரம்பிம்மா" என்றது முகம்.

நஸ்ரின் தன் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்து, "இது அத்தாவுக்கு" என்று போனுக்குக் காட்டிவிட்டுத் தானே சாப்பிட்டாள். அங்கே சாதிக்கின் கையும் வாய்க்குப் போய் வந்தது, அவரும் மென்றார். "அந்த நெஞ்செலும்புக் கறிய எடு, எனக்குப் புடிக்கும்ல" என்றார். எடுத்துச் சாப்பிட்டாள். "மிச்சம் வெச்சா எப்புடி, எனக்குப் பத்தலையே" என்றார். அதையும் சாப்பிட்டாள். ஒரு பெரிய ஆளின் மதியச் சாப்பாடு முழுவதும் என் கண்ணெதிரே அந்தப் பத்து வயசுப் பெண்ணின் வயிற்றுக்குள் போனது.

அவள் கை கழுவப் போனதும் கேட்டேன். "ஜமீலா, இத ஏம்மா இத்தனை நாளும் எங்ககிட்டச் சொல்லல?"

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. "எதச் சொல்றீங்க? அது சாப்பாடு இல்லீங்க சிஸ்டர். அது அத்தாவோட பேசுறது" என்றாள்.

அவள் சொன்னதில் துளியும் பொய் இல்லை, அதுதான் என்னை ஆட்டிவிட்டது. சாதிக் போகும்போது பிள்ளை அழுது மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அவருக்கு மதிய இடைவேளை விடும்போது நமக்கு நாலரை. அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் ஒரே சஹனில் சாப்பிடலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கவேயில்லை.

நான் வந்து டாக்டரிடம் சொன்னேன். "குடும்பத்தோட வாங்கன்னு சொன்னோம். குடும்பத்துல முக்கியமான ஆளு வரவே இல்லையே" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சாதிக்குக்கு விடுமுறை. ஜமீலாவின் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து டாக்டர் அவரோடு பேசினார். குற்றம் சொல்லாமல், எடுத்துச் சொல்லித்தான் பேசினார். ஆனாலும் அந்த முகம் கறுத்துப்போனது. "அப்ப நான்தான் எம்புள்ளைக்கு இதக் குடுத்தேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லைங்க, இல்லைங்க என்று நாங்கள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அதற்கடுத்த தடவை நஸ்ரினின் எடை சடாரென்று இறங்கியிருந்தது. எனக்கானால் கைதட்டலாம் போலிருந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "இந்த வேகம் எனக்குப் பிடிக்கல சிஸ்டர்" என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"நாலரை மணிக்கு இப்ப என்ன பண்றே நஸ்ரின்?"

"சும்மா இருக்கேன். அத்தா அந்த நேரத்துக்குப் போன் பண்றதில்ல. ராத்திரி அம்மாகிட்ட மட்டும் பேசுறாங்க."

"ராத்திரி சாப்பிடுறியா?"

"இல்ல. அத்தா தனியா எப்புடிச் சாப்பிடுவாங்க? சாப்பிட்டிருக்க மாட்டாங்க. அதான் நானும் சாப்பிடல."

போனில் தன் முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அந்த மனுஷர் தானாகவே நிறுத்தியிருக்கிறார். நாங்கள் சஹனை எடுக்கச் சொன்னோம், அவர் தன்னையே எடுத்துவிட்டார். நாங்கள் நல்லது செய்யப் போய் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து அதில் இரண்டே வரி எழுதினார். தினமும் நாலரை மணிக்கு அத்தாவோடு போன். பேசுவது நடந்துகொண்டு. கீழே கையெழுத்துப் போட்டு, இதைப் படம் எடுத்துச் சவூதிக்கு அனுப்பு என்று ஜமீலாவிடம் கொடுத்தார். சீட்டு என்றால் நம் ஜனங்களுக்குத் தனி மரியாதை. சாதிக் மீற முடியவில்லை. அன்றிலிருந்து நஸ்ரின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவோடு கடைத்தெரு வழியாக வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் போய் வந்தாள். ஊரில் புதிதாகக் கட்டிய வீடு, மாற்றிய கடைப் பலகை, ஆற்றில் ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அத்தாவுக்குக் காட்டினாள். "நீ நடம்மா, நான் சாப்பிட்டுக்கிட்டே பாக்குறேன்" என்பாராம். அவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் இவளும் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டாள். எடை மெதுவாக, டாக்டருக்குப் பிடித்த வேகத்தில் இறங்கியது.

வருஷம் திரும்பியதும் சாதிக் லீவில் வந்தார். அந்த வாரமே மூன்று பேரும் பெரம்பலூர் வந்தார்கள். அன்றைக்குத்தான் நஸ்ரினின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு நன்றாகக் கீழே. கல்லீரலும் தேறியிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நஸ்ரினிடம் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்து வெளியே விளையாட அனுப்பினேன்.

பிறகு வழக்கம்போல, "நீங்க ஏறுங்க பாய்" என்று சாதிக்கைக் கூப்பிட்டேன்.

"எனக்கெதுக்குங்க சிஸ்டர்? புள்ளைக்குத்தான் சரியாயிருச்சே" என்று நழுவப் பார்த்தார்.

"இங்க எல்லாரும் ஏறணும். உங்களுக்குத்தான் இத்தனை நாள் பாக்கி."

போனில் பார்த்துப் பழகிய அதே முகம், நிறைந்த தாடி. செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் சட்டை முதுகில் ஒட்டியது. முள்ளந்தண்டை வரிசையாக எண்ணிவிடலாம். முழுக்கைச் சட்டைக்குள் தோளில் சதையே இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டு அவரை இறக்கி மறுபடியும் ஏற்றினேன். அதே எண்தான். ஜமீலாவைவிடக் குறைவு. எழுதி டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போல, அங்கே என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

"காலையில குபூஸ் ரொட்டியும் டீயும். ராத்திரி ரூம்ல சோறாக்குவோம்."

"மதியம்?"

"மதியம் புள்ளையோட பேசுவேங்க."

"பேசுறது சரி. சாப்பாடு?"

சாதிக் கதவைப் பார்த்தார். வெளியே கயிற்றின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு இடைவேளைதாங்க குடுப்பாங்க. மெஸ் தள்ளி இருக்கு. அங்க போய்ச் சாப்பிட்டா போன் பேச முடியாது. பேசுனா சாப்பிடப் போக முடியாது. ரெண்டுல ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் சாப்பிடுவேன்."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் ஜமீலா. "நான் பாத்தேனே. கை வாய்க்குப் போச்சு. மென்னீங்க."

"சும்மா மென்னேன் ஜமீலா. நான் சாப்பிடலன்னா அவ சாப்பிட மாட்டா. அதான் வாயை மட்டும் அசைச்சேன்."

நானும் பார்த்திருக்கிறேன், அந்தப் பாயில் உட்கார்ந்து, ஒரு முழம் தூரத்தில். டாக்டர் சாரதா பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கயிற்றின் சத்தம் எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நஸ்ரின் கதவருகில் நின்றாள்.

"அப்ப நான் உங்களுக்குன்னு சாப்பிட்டதெல்லாம் யாருக்கு அத்தா?"

டாக்டர்தான் நிமிர்ந்து, "சிஸ்டர், நம்ம கிட்ட என்ன சாப்பாடு இருக்கு?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் என் டப்பாவைக் கொண்டுவந்தேன். சோறும் முருங்கைக்கீரைக் கூட்டும் இருந்தது. மேசையில் பேப்பரை எல்லாம் ஒதுக்கி ஒரு தட்டில் போட்டு சாதிக் முன்னால் வைத்தேன். நஸ்ரின் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டும்படி உட்கார்ந்தாள்.

அவர் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். அவள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்குங்க."

முழுங்கினார்.

"வாயத் தெறந்து காட்டுங்க அத்தா."

எங்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த மனுஷர் வாயை அகலத் திறந்து காட்டினார். அவள் எட்டி உள்ளே பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய் எடுக்க விட்டாள்.